சுத்தியலை எடுக்கும் முன்: மோசின் நகாண்ட் போல்ட் சிக்கல்

கேள்வி, 2024 நவம்பர் 9

போன கிழமை மோசின் நகாண்ட் எம் 91/30 எண்ட பழைய சோவியத் ரைபிள் ஒண்டு வாங்கினனான். 1942, இஷெவ்ஸ்க். பிஏஎல் (கனடாத் துப்பாக்கி உரிமம்) எல்லாம் இருக்கு. கடையில போல்ட்டை (தோட்டா போடத் திறந்து மூடுற பூட்டு) திறந்து காட்டினவை, நல்லாத்தான் இருந்தது. வீட்ட கொண்டு வந்து பெட்டியால எடுத்தா இம்மியும் அசையுதில்லை. டபிள்யூடி-40 அடிச்சும் பார்த்தாச்சு. ரப்பர் சுத்தியலால கைபிடியில தட்டலாமோ அண்ணை? யூடியூபில எல்லாரும் தட்டுறாங்கள்.

நவம்பர் 9, இரவு

தட்ட வேண்டாம்.

கடையில் திறந்தது, வீட்டில் திறக்கவில்லை, நடுவில் சுடவும் இல்லை. அப்படியென்றால் எனக்கு முதல் சந்தேகம் சேஃப்டி மேல்தான். போல்ட்டின் பின்கோடியில் வட்டமான குமிழ் ஒன்று இருக்கும், காக்கிங் பீஸ் என்பார்கள். அது இடப்பக்கம் திரும்பி, கொஞ்சம் பின்னுக்கு இழுபட்டு நிற்கிறதா பாருங்கள். நின்றால் சேஃப்டி போட்டிருக்கிறது. மோசினுக்கு வேறு சேஃப்டி லீவர் எதுவும் கிடையாது, அந்தக் குமிழ்தான் எல்லாம். அது போட்டிருக்கும்போது ட்ரிக்கர் மட்டுமல்ல, போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் திறக்காது.

எடுக்கும் முறை: திறந்து பார்க்காதவரை உள்ளே தோட்டா இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குழாய் முனை ஆள் இல்லாத பக்கம், விரல் ட்ரிக்கருக்கு வெளியே. குமிழைப் பின்னுக்கு நன்றாக இழுத்து, வலப்பக்கம் திருப்பி, மெதுவாக முன்னால் விடுங்கள். ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். பிடி வழுக்கிவிடும், டபிள்யூடி-40 வேறு அடித்திருக்கிறீர்கள். குமிழைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நவம்பர் 10

சேஃப்டிதானாம். கடையில் பெட்டியில் வைக்கும்போது யாரோ திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தக் குமிழை இழுத்துத் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்றால், தொட்டவர்களில் பாதிப் பேர் அது நகரும் பொருள் என்றே நினைத்திருக்க மாட்டார்கள். போரில் இருந்த சிப்பாய் கையுறையோடு இதை எப்படிச் செய்தான் என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

இன்னொன்று. கனடாவில் இந்த வகைத் துப்பாக்கியை வீட்டில் வைக்க, தோட்டா இல்லாமல் வைத்து ட்ரிக்கர் லாக் போடலாம், அல்லது போல்ட்டைக் கழற்றித் தனியாக வைக்கலாம், அல்லது பூட்டிய அலமாரியில் வைக்கலாம். போல்ட்டே கழலாதவருக்கு இரண்டாவது வழி அடைபட்டுவிடும்.

நவம்பர் 11

கீழே ஒருவர் "மோசின் என்றால் போல்ட் இறுகத்தான் செய்யும், அதன் பிறவிக்குணம், ஒரு மரக்கட்டையைக் கூடவே எடுத்துப் போங்கள்" என்று எழுதியிருக்கிறார். கட்டையால் போல்ட்டை அடித்துத் திறப்பது மோசின்காரர்கள் நடுவில் பழைய நகைச்சுவை. நகைச்சுவையாக இருக்கும்வரை நானும் சிரிப்பேன்.

ஆனால் "பிறவிக்குணம்" என்று சொல்லிவிட்டால் காரணம் தேட வேண்டிய வேலை மிச்சமாகிவிடும், அதுதான் எனக்குப் பிடிக்காதது. இறுக்கம் எப்போது வருகிறது என்று பாருங்கள். காலியாக இருக்கும்போதேயா, சுட்ட பிறகு மட்டுமா? இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு இடத்தில்.

காலித் துப்பாக்கியில் வீட்டிலேயே பார்க்கலாம். போல்ட்டை மூடி, ட்ரிக்கரை அழுத்தாமல் கைபிடியைத் தூக்குங்கள். இங்கே ஸ்பிரிங்கின் பாரம் கிடையாது, உலோகத்தின் உராய்வு மட்டும்தான். அடுத்து மூடி, ட்ரிக்கரை அழுத்திவிட்டுத் தூக்குங்கள். இப்போது ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தூக்குகிறீர்கள். மோசினில் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியை இடிக்கும் ஊசி) பின்னுக்குப் போய் ஏறுவது போல்ட்டைத் தூக்கும் அந்தக் கால் வட்டத்தில்தான். அதனால் இரண்டாவது கொஞ்சம் கனமாக இருப்பது இயல்பு.

முதலாவதே கரகரவென்று வந்தால் போல்ட் தலையின் லக்குகளிலோ (போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகள்), அவை போய் உட்காரும் குழியிலோ அழுக்கோ பிசிறோ இருக்கிறது. முதலாவது வழுவழு, இரண்டாவது மட்டும் முரடு என்றால், போல்ட்டின் பின்புறத்துச் சரிவு வெட்டையும் அதில் ஏறும் காக்கிங் பீஸின் மூக்கையும் பாருங்கள். இரண்டும் சுகம், ரேஞ்சில் சுட்டதும் மட்டும் சிக்குகிறது என்றால் போல்ட்டில் குற்றமே இல்லை. சேம்பரை, அதாவது பேரலின் பின்கோடியில் தோட்டா உட்காரும் அறையைப் பாருங்கள்.

நவம்பர் 11, பிறகு

சரிவு வெட்டில் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க: மார்க்கர் பேனாவால் அந்த முகம் முழுக்கக் கறுப்பு பூசுங்கள். சில தடவை திறந்து மூடுங்கள். கறுப்பு எங்கே போயிருக்கிறதோ அங்கே உரசல். சீராக ஒரு பட்டையாகப் போயிருந்தால் நல்லது. ஒரே ஒரு புள்ளியில் பளிச்சென்று உலோகம் தெரிந்தால் அங்கே பிசிறு இருக்கிறது.

1942 துப்பாக்கியில் இதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. போர் நெருக்கடியில் கடைசல் தடம்கூட மழுப்பாமல் அனுப்பினார்கள். ரிசீவர் (போல்ட் ஓடுகிற உடற்பகுதி) மேல் விரலை ஓட்டினாலே வெட்டுளியின் வரிகள் நெருடும். 1930களின் நடுவில் வந்ததையும் 1942ஐயும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு தொழிற்சாலைச் சரக்கு மாதிரி இருக்கும்.

பிசிறைத் தேய்க்க நயமான எண்ணெய்க்கல் போதும். அரம் வேண்டாம். லக்குகளின் பின்முகத்தில் மட்டும் எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள், அதுதான் வெடிப்பின் முழு உதையையும் தாங்குகிற இடம், ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளவும் அங்கேதான் மாறும்.

நவம்பர் 17

கேள்வி கேட்டவர் ரேஞ்சுக்குப் போய் வந்துவிட்டார். நான் எதிர்பார்த்ததுதான். முதல் சில ரவுண்டு சுகமாக வந்ததாம், பேரல் சூடேற ஏறக் கைபிடி மேலே வர மறுத்ததாம், கடைசியில் உள்ளங்கையால் அடித்துத் திறந்தாராம். தோட்டா: பழைய சோவியத் சரக்கு, இரும்பு ஓடு, அடியில் 188 முத்திரை. அது நோவோசிபிர்ஸ்க் ஆலையின் எண்.

காலியில் இரண்டு சோதனையும் தேறியது, சூடானதும் சிக்குகிறது. சேம்பர்தான்.

இந்தத் துப்பாக்கிகள் போருக்குப் பின் பட்டறைக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்டு, துருப் பிடிக்காமல் இருக்கப் பூசும் காஸ்மோலின் என்ற கெட்டிப் பசையில் குளிப்பாட்டிப் பல வருஷம் கிடங்கில் கிடந்தவை. வாங்கியவர்கள் வெளியே துடைப்பார்கள், பேரலுக்குள் துணி விடுவார்கள். பேரலின் அளவுக்கு வெட்டிய துணி சேம்பரின் சுவரைத் தொடாது, அங்கே அகலம் அதிகம். உள்ளே காஸ்மோலின் ஒரு மெல்லிய தோலாக அப்படியே இருக்கும். சூடு படும்போது இளகும். இளகிய பசைக்குள் ஓடு அழுத்தத்தோடு போய் ஒட்டும். பலமுறை சூடுபட்டது வார்னிஷ் மாதிரி கெட்டியாகிவிடும்.

டார்ச் அடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். சேம்பர் சுவர் வெள்ளையாக மின்ன வேண்டும். பழுப்பாக, தேன்நிறமாக இருந்தால் அது உலோகத்தின் நிறம் அல்ல.

நவம்பர் 17, இரவு

சுத்தம் செய்யும் விதம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இந்த இழையில் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். மோசினில் ட்ரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தால் போல்ட் கையோடு வந்துவிடும். 20 கேஜ் ஷாட்கன்னுக்கான வெண்கலப் பிரஷ் ஒன்று, ஒரு துண்டு கிளீனிங் ராட், மெதுவாகச் சுற்றுகிற பேட்டரி ட்ரில். பிரஷ்ஷை, பெயிண்ட் கரைக்கிற மினரல் ஸ்பிரிட்டில் நனைத்து, பின்பக்கத்திலிருந்து சேம்பருக்குள் விட்டு, ட்ரில்லை மிதமான வேகத்தில் சுற்றுங்கள். வெளியே எடுத்துத் துணியால் துடையுங்கள். துணியில் காப்பித் தூள் குழைத்த மாதிரி ஒரு சேறு வரும். மறுபடியும் பிரஷ், மறுபடியும் துணி. துணி வெள்ளையாக வரும்வரை நிறுத்தாதீர்கள். சீக்கிரம் முடியாது.

முற்றிய பிடிவாதத்துக்குப் பிரஷ் மேல் நாலு பூஜ்யம் (மிக நயமான) ஸ்டீல் வூல் சுற்றலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். எமரித் தாள் கட்டிச் சுற்றினேன் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அழுக்கை எடுப்பது வேறு, சேம்பரைப் பெரிதாக்குவது வேறு.

லக்குகள் உட்காரும் குழியை மறந்துவிடாதீர்கள். சேம்பருக்குச் சற்றுப் பின்னால், நேராகப் பார்த்தால் தெரியாத மூலை. பல் துலக்கும் பிரஷ்ஷின் கழுத்தைச் சூடுகாட்டி வளைத்து நுழைத்தால் எட்டும்.

போல்ட்டின் உள்ளேயும் இதே கதை. ஃபயரிங் பின்னைத் திருகிக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்தால், சுருள்களுக்கு நடுவே காஸ்மோலின் அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். இரும்புப் பாகங்களை மட்டும் கொதிநீரில் போட்டால் அது மிதந்து வந்துவிடும். வீட்டுச் சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள், அந்த மணம் போகாது. அதற்கு மேல் குடும்ப விவகாரத்தில் நான் தலையிட முடியாது.

நவம்பர் 18

பின்னைத் திரும்ப மாட்டுவது பற்றிக் கேட்கிறார்கள். பின்னின் பின்தலையில் ஒரு வெட்டு, காக்கிங் பீஸில் ஒரு கோடு. இரண்டும் ஒரே நேரில் வர வேண்டும். அப்புறம் பின்னின் முனை எவ்வளவு வெளியே நீள்கிறது என்று பாருங்கள். துப்பாக்கியோடு வந்த தட்டையான கருவியில் 75, 95 என்று இரண்டு பள்ளங்கள் உண்டு. அங்குலத்தில் ஆயிரத்தில் 75, ஆயிரத்தில் 95. சோவியத் காலத்துக் கருவியிலும் அங்குலக் கணக்குதான், ஜார் காலத்து மிச்சம். போல்ட் முகத்தின் மேல் கருவியை நகர்த்தினால் 75 பள்ளத்தில் முனை தட்ட வேண்டும், 95இல் தட்டாமல் போக வேண்டும். அதிகமாக நீண்டால் தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் ப்ரைமரைத் துளைத்துவிடும், சூடான வாயு முகத்துக்குத் திரும்பும். இதை அளக்காமல் சுடாதீர்கள்.

நவம்பர் 20

லாக்கர் சண்டை வந்துவிட்டது. இரும்பு ஓட்டின் மேல் பூசியிருக்கும் லாக்கர் உருகிச் சேம்பரில் ஒட்டுகிறது என்கிறது ஒரு கட்சி. காஸ்மோலின்தான், லாக்கர் நிரபராதி என்கிறது இன்னொரு கட்சி.

நான் எந்தக் கட்சியிலும் முழுசாக இல்லை. பித்தளை ஓடு அழுத்தத்தில் விரிந்து சேம்பரை அடைக்கும், அழுத்தம் இறங்கியதும் சுருங்கிச் சுவரை விட்டுவிடும். இரும்பு அந்த அளவுக்கு இணங்காது. சரியாக அடைக்காததால் புகைக்கரி ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே பின்னால் வரும், சேம்பர் சீக்கிரம் அழுக்காகும். லாக்கர் இல்லாமல் செம்புப் பூச்சுப் போட்ட இரும்பு ஓடும் அழுக்குச் சேம்பரில் சிக்கத்தான் செய்கிறது. சுத்தமான சேம்பரிலிருந்து லாக்கர் ஓடு சுகமாக வருவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் சுத்தம் முதலில், சித்தாந்தம் அப்புறம்.

பிரித்துப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு பெட்டி புதுப் பித்தளை ஓட்டுத் தோட்டா வாங்குங்கள், பிபியுவோ லாபுவாவோ. சூடான பேரலில் பித்தளை சுகமாக வந்து இரும்பு சிக்கினால் மேலே சொன்னதுதான். பித்தளையும் சிக்கினால், சுட்ட ஓட்டின் அடியைப் பாருங்கள். ப்ரைமர் தட்டையாகியிருக்கிறதா, துளை விழுந்திருக்கிறதா, ஓட்டில் விரிசல் உண்டா? இருந்தால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்திருக்கிற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) போங்கள். பட்டறையில் வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டி, பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை வெட்டியது இந்த வகையில் சாதாரணம். எண் பொருந்துகிறது என்பதால் போல்ட் பொருந்துகிறது என்று ஆகாது.

நவம்பர் 21

கழுவுவது பற்றி. பழைய சோவியத் தோட்டாவின் ப்ரைமரில் பொட்டாசியம் குளோரேட். சுட்டபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, சாப்பாட்டு உப்பின் பங்காளி. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெயில் கரையாது, அதனால் எண்ணெய்த் துணி விடுவதால் பயன் இல்லை. தண்ணீரில் உடனே கரையும். ஒன்டாரியோவின் ஜூலைப் புழுக்கத்தில் கழுவாமல் விட்ட துப்பாக்கியில் மறுநாளே துரு பார்க்கலாம். துரு பிடித்துச் சொரசொரத்த சேம்பரிலும் ஓடு சிக்கும், அப்போது பிரஷ் போட்டுப் பயனில்லை.

கண்ணாடி துடைக்கிற விண்டெக்ஸ் அடித்தால் அம்மோனியா உப்பை "முறித்துவிடும்" என்பது கேட்டுச் சலித்த வாதம். உப்பை முறிக்க ஒன்றும் இல்லை. வேலை செய்வது அதிலிருக்கும் தண்ணீர். வெந்நீர் மலிவு. .303 ரைபிள் காலத்து பிரிட்டிஷ் ராணுவம் சேம்பர் வழியாகக் கொதிநீர் ஊற்றுவதற்கென்றே வளைந்த புனல் ஒன்றைக் கொடுத்திருந்தது. கொதிநீரில் இன்னொரு லாபம், உலோகம் சூடேறித் தானாகவே காய்ந்துவிடும். காய்ந்த உடனே எண்ணெய்.

நவம்பர் 21, சேர்க்கை

மரத்தை ஜாக்கிரதை. சோவியத் பட்டறை அந்தக் கட்டைக்குப் பூசியது அரக்கு. கொதிநீர் பட்டால் வெளுத்துப்போகும், ஆல்கஹால் பட்டால் கரைந்தே போகும். பிரேக் கிளீனர் அடிக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அடிக்கலாம், ஆனால் பேரலையும் ரிசீவரையும் கட்டையிலிருந்து கழற்றிய பிறகு. இரண்டு திருகுதான்.

நவம்பர் 26

பேச்சு பிரிட்டிஷ் .303 ரைபிளான லீ என்ஃபீல்டுக்குத் திரும்பிவிட்டது. என்சிசியில் .303 தூக்கியவர்கள் யாரோ ஆரம்பித்திருப்பார்கள். "அதன் போல்ட் வெண்ணெய் மாதிரி வரும், ரஷ்யனுக்கு ஏன் செய்யத் தெரியவில்லை?"

தெரியாமல் இல்லை. என்ஃபீல்டில் ஸ்பிரிங் ஏறுவது போல்ட்டை மூடும்போது. திறக்கும்போது ஓட்டை நெகிழ்த்தும் வேலை மட்டும், தூக்கும் கோணமும் குறைவு. மோசினில் ஸ்பிரிங்கை ஏற்றுவதும் ஓட்டை நெகிழ்த்துவதும் ஒரே தூக்கலில், அதுவும் கட்டைவிரல் நீளக் கைபிடியை வைத்துக்கொண்டு. சுத்தமாக இருந்தால் போதும் என்ற கணக்கில் செய்தது. அந்தக் கணக்கு பல கோடித் துப்பாக்கிகளுக்குப் பலித்தும் இருக்கிறது. ஸ்னைப்பர் வகைக்கு மட்டும் நீண்டு வளைந்த கைபிடி. அது டெலஸ்கோப்பில் இடிக்காமல் இருக்கத்தான், ஆனால் நெம்புகோலும் நீண்டுவிட்டது.

டொராண்டோகாரர்களுக்கு: நம்பர் 4 என்ஃபீல்டு 9 லட்சத்துக்கு மேல் செய்த லாங் பிராஞ்ச் ஆலை நம் பக்கத்தில்தான் இருந்தது. மிஸிஸாகாவில் அதன் சோதனைக் கட்டடம் இன்றைக்குக் கலைக்கூடம். வடக்கே கனேடியன் ரேஞ்சர்ஸ் படையினர் 1947 முதல் அந்தத் துப்பாக்கியைத்தான் வைத்திருந்தார்கள். 2018இல்தான் மாற்ற ஆரம்பித்தார்கள்.

என்சிசி ஆட்களுக்கு: ஆமாம், பேரலுக்குள் இழுக்கும் புல்த்ரூ கயிறும் அதில் மாட்டும் சிந்தித் துணியும் எனக்கும் நினைவிருக்கிறது. அந்தச் சிந்தியும் சேம்பர் சுவரைத் தொடாது.

டிசம்பர் 2

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது, எல்லோருக்கும் பயன்படும். சுடாத தோட்டா உள்ளே இருந்து போல்ட் திறக்க மறுத்தால்?

அது வேறு விஷயம். அங்கே உள்ளங்கையும் வேண்டாம், கட்டையும் வேண்டாம். ட்ரிக்கரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், முனையை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது பழைய தோட்டாவில் உண்டு. பிறகும் கையால் சாதாரணமாகத் தூக்கித் திறக்கவில்லை என்றால் ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். குழாய்க்குள் கம்பி விட்டு முன்னாலிருந்து தள்ளலாம் என்று சொல்கிறவர் அவர் கையை வைத்துச் சொல்லட்டும். தோட்டா உள்ளே இருக்கிற துப்பாக்கியை வண்டியில் ஏற்றக்கூடாது, சட்டப்படியும் தப்பு. கன்ஸ்மித் அங்கே வர வேண்டும்.

2025 ஜனவரி 19

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. டிசம்பர் முழுக்கச் சேம்பர் சுகம், அதே 188 தோட்டா, சூடான பேரல், ஒரு விரலால் தூக்க முடிகிறதாம். ஆனால் நேற்று மைனஸ் 20இல் போல்ட் மறுபடி கனக்கிறது, சுடும் முன்னாலேயே.

சுடும் முன்னாலேயே என்றால் சேம்பர் இல்லை. போல்ட்டில் என்ன பூசினீர்கள் என்று கேட்டேன். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ், தாராளமாக. குளிரில் அது மெழுகாகிவிடும். ஸ்பிரிங்கைச் சுற்றிக் கெட்டியானால் பின் மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காமலும் போகலாம். எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, குளிரில் உறையாத மெல்லிய எண்ணெயை லக்குகளிலும் சரிவு வெட்டிலும் மட்டும் ஒரு பூச்சு. போல்ட்டின் உட்புறம் கிட்டத்தட்ட உலர்ந்தே இருக்கட்டும். 1939-40 குளிர்காலப் போரில் பின்லாந்துக்காரர்கள் மைனஸ் 40 வரை போன குளிரில் சுட்டது இதே குடும்பத்துத் துப்பாக்கியைத்தான். பேர்பெற்ற ஸ்னைப்பர் சிமோ ஹாய்ஹாவின் எம் 28-30 உட்பட.

ஜனவரி 20

உலர்த்தியதும் சரியாகிவிட்டதாம். இப்போது புதுக் கேள்வி: 880 ரவுண்டு மரப்பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது, உள்ளே 440 வீதம் இரண்டு தகர டின், வாங்கலாமோ?

சுட்ட அன்று இரவே வெந்நீர் ஊற்றுவீர்கள் என்றால் வாங்குங்கள். டின்னைத் திறக்கும் கருவி பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.